வயிற்று வலி என்றுதான் சொன்னான்

ஆஸ்பத்திரி வாசலில் இருந்து விமல்ராஜின் வாடகை வீடு வரைக்கும் ஒன்பது வேகத்தடைகள். இரண்டு வருஷமாக அந்தச் சாலையில் பைக்கில் பறந்தவனுக்கு அவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் பட்டதில்லை. ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் ஆட்டோவில் திரும்பும்போது ஒன்பதையும் எண்ணினான். ஒவ்வொன்றிலும் உயிர் போய் உயிர் வந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "மெதுவாத்தான் போறேன் தம்பி. வயித்துலயா ஆபரேஷன்?" என்று கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா நாராயணம்மா, "ஆமாங்க, அப்பெண்டிசு" என்று முந்திக்கொண்டாள்.

அப்பெண்டிசும் இல்லை, வயிறும் இல்லை. அவனுடைய இடது விதை தன் நரம்பிலேயே முறுக்கிக்கொண்டு, ரத்தம் ஏறாமல் கறுத்துச் செத்துப்போயிருந்தது. அதை எடுத்துவிட்டு, வலது பக்கமும் அப்படி முறுக்கிக்கொள்ளக் கூடாதென்று அதை உள்ளேயே தையல் போட்டு நிறுத்தியிருந்தார்கள். அவனுக்கு இருபத்தேழு வயது. கல்யாணமாகி ஒரு வருஷம்.

ஆட்டோக்காரரிடம் இதை விவரிக்க வேண்டியதில்லைதான். ஆனால் சொந்த ஊரான நாட்றாம்பாளையத்துச் சொந்தக்காரர்களுக்கும் அப்பெண்டிசு, பக்கத்து வீட்டாருக்கும் அப்பெண்டிசு, கம்பெனிக்குப் போன் போட்டுச் சொன்னதும் அப்பெண்டிசு என்றாகிவிட்டது. லீவுக்குக் கொடுத்த சர்டிபிகேட்டில் ஆபரேஷனுக்குப் பின் ஓய்வு என்று மட்டும் இருந்தது வசதியாகப் போயிற்று. பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே தாய்க்கும் மகனுக்கும் இல்லை. அந்த இடத்துக்கு அவர்கள் வாயில் இருந்த ஒரே சொல் தெருச்சண்டையில் வருவது. அதை எடுத்து யாரிடம் பேசுவது?

இந்த வாய்ப்பூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு விழுந்ததும் அல்ல. வலி வந்த அன்றைக்கே விழுந்துவிட்டது.

விமல்ராஜ் வேலை பார்ப்பது சூளகிரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில். அன்றைக்குக் காலை ஆறு மணி ஷிப்டு. ஏழரை மணிக்கு, பாரம் ஒன்றும் தூக்காமல் சும்மா நின்றுகொண்டிருக்கும்போதே, கீழே இடது பக்கம் யாரோ துணியைப் பிழிவதுபோல ஒரு வலி பிடித்தது. நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு முதலுதவி அறைக்குப் போனான். அங்கே இருந்தவள் முத்துமணி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், அவனைவிட இரண்டு வயது சின்னவள், ஒப்பந்தத்தில் வந்த நர்ஸ்.

"எங்கண்ணே வலிக்கு?" என்று கேட்டாள்.

விமல்ராஜ் கையைத் தொப்புளுக்குக் கீழே வைத்து, "வயித்துல" என்றான்.

ஓரளவுக்கு அது உண்மைதான், வலி அடிவயிறு வரை ஏறியிருந்தது. அவள் படுக்க வைத்து அமுக்கிப் பார்த்தாள். வாயு மாத்திரை ஒன்று கொடுத்தாள். அரை மணி கழித்து, "ஜாஸ்தியா இருந்தா வண்டி சொல்லுதேன், ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்றாள். அவன் வேண்டாம் என்று லைனுக்குப் போய்விட்டான். பாத்ரூமில் இரண்டு முறை வாந்தி எடுத்தான். மதியம் இரண்டு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, பொண்டாட்டி சுவேதாவிடமும் வயிற்று வலி என்றே சொன்னான். அவள் ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். வீக்கம் வந்து வேட்டி பட்டாலே அலறுகிற நிலைமை ஆன பிறகுதான், மாலை ஆறு மணிக்கு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அவளிடம் சொன்னான்.

"ஆறு மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா பெரும்பாலும் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். அவன் வந்தது பதினோரு மணி நேரம் கழித்து. "ஒண்ணு இருந்தா போதும், குழந்தை பிறக்கும், மத்ததுக்கும் குறையில்ல" என்றும் சொன்னார். விமல்ராஜுக்கு முதலில் சொன்னது மட்டும்தான் காதில் தங்கியது.

வீட்டில் படுத்த முதல் வாரம் நரகம். இருமினால் வலி, தும்மினால் வலி. ஒருக்களித்துப் படுக்க முடியாது, காலைச் சேர்த்து வைக்க முடியாது. ஆடாமல் தாங்கிப் பிடிக்க இறுக்கமான ஜட்டி போடச் சொல்லியிருந்தார்கள். அதைப் போடும்போது ஒரு முறை, கழற்றும்போது ஒரு முறை கண்ணில் தண்ணீர் வந்தது. கறுநீலமாகக் கன்றிப்போன வீக்கத்தை அவன் குனிந்து பார்க்கவே இல்லை. நாராயணம்மா தன் பங்குக்குப் பத்தியம் பிடித்தாள். தக்காளி போட்டால் சீழ் வைக்கும், கத்தரிக்காய் போட்டால் அரிக்கும், களி கனம். மகனுக்கு மூன்று வேளையும் பூண்டு ரசமும் சோறும் கிடைத்தது. எங்கே வெட்டினார்கள் என்பதை மட்டும் அவள் ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

மருந்து வைத்துக் கட்டு மாற்றியது சுவேதாதான். அவள் பாகலூர் பக்கம் ரோஜாப் பண்ணையில் பூக்களைத் தரம் பிரிக்கிறவள். விரலெல்லாம் முள் கீறிய தழும்பு. முதல் நாள் அவன் அவள் கையைத் தட்டிவிட்டான்.

"நானே பாத்துக்கறேன்."

"எப்படிப் பாத்துக்குவ மாமா? நீ அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டேங்கற."

"அசிங்கமா இருக்குது சுவேதா."

"புண்ணுல இன்னா அசிங்கம்? கையை எடு."

அவன் கையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். அவள் பதமாகத்தான் துடைத்தாள். அவனுக்கு அழுகை வந்ததற்கு வலி மட்டும் காரணமில்லை. இனிமேல் இவள் தன்னை ஆம்பிளையாக நினைப்பாளா என்ற பயம். டாக்டர் சொன்னதை அவளும் பக்கத்தில் நின்று கேட்டவள்தான், அது அவனுக்கும் தெரியும். பயம் அதையெல்லாம் கேட்குமா?

இரண்டாம் வாரத்தில் வீக்கம் வடிந்தது. ஆனால் இன்னொரு கூத்து தொடங்கியது. இல்லாத இடத்தில் வலித்தது. எடுத்துப்போட்ட இடது பக்கத்தில், அன்றைக்குப் பிடித்த அதே பிழிகிற வலி, திடீரென்று வந்து இரண்டு நிமிஷம் இருந்துவிட்டுப் போகும். டாக்டரிடம் போனில் கேட்டதற்கு, நரம்புக்கு இன்னும் பழக்கம் போகவில்லை, நாளாக ஆகக் குறையும் என்றார். யாரிடமும் சொல்ல முடியாத வலிக்கு மேல், இல்லவே இல்லாத ஒன்றின் வலியும் சேர்ந்துகொண்டது.

மூன்றாம் வாரக் கடைசியில் எல்லப்பன் பார்க்க வந்தான். விமல்ராஜின் லைனில் வேலை பார்ப்பவன், தொழிலாளர் பக்கம் நின்று எதற்கும் முன்னால் வந்து பேசுகிறவன். சாத்துக்குடிப் பையைக் கட்டில் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"நீ ஒண்ணும் கவலப்படாத. அந்த நர்ஸ நாங்க உடறதா இல்ல" என்றான்.

"எந்த நர்ஸு?"

"நம்ம சிஸ்டர்தான், திருநவேலி. அப்பெண்டிஸு வெடிக்கற ஆளுக்குக் கேஸ் மாத்திரை குடுத்து லைனுக்கு அனுப்பிச்சிக்கிது. இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா உன் உசுருக்கே ஆபத்து. நூத்தி நாப்பது பேரு கையெழுத்துப் போட்டுக்கிறோம். உள்ள எப்பவும் ஒரு டாக்டர் இருக்கணும்னு கேட்டோம். அதுக்கு மேனேஜ்மெண்ட்டு வாயே தொறக்கல. நர்ஸை மாத்திடறோம்னு மட்டும் உடனே சொல்லிட்டாங்க. வர்ற செவ்வாக்கிழமை விசாரணை. நீ வந்து ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சிது."

"அந்தப் பொண்ணு வண்டி சொல்றேன்னுச்சு. நான்தான் வேணாம்னுட்டேன்" என்று விமல்ராஜ் மென்று முழுங்கினான்.

"வேணாம்னு நீ சொல்லுவ. உனுக்கு அப்பெண்டிஸுன்னு அதுக்குத்தான தெரியணும்? நீயா நர்ஸு படிச்ச?" எல்லப்பன் சொன்னதில் தவறே இல்லை. அப்பெண்டிசு என்றால் அவன் பேச்சு முழுக்க நியாயம். அதுதான் விமல்ராஜைக் கொன்றது.

எல்லப்பன் போனதும் சுவேதா அடுப்படியில் இருந்து வந்து நின்றாள்.

"போய் உள்ளதைச் சொல்லிடு மாமா."

"இன்னான்னு சொல்றது? அத்தனை பேரு வேலை செய்யற எடம். பிரஸ்ல ஒருத்தனுக்கு வெரல் போச்சு, கட்டுப் பிரிக்கறதுக்குள்ள 'நாலு'ன்னு பேரு வெச்சிட்டாங்க. இன்னிய வரிக்கும் அவனை அப்படித்தான் கூப்புடறாங்க. எனுக்கு இன்னா பேரு வெப்பாங்கன்னு நெனச்சுப் பாத்தியா?"

"அதுக்கு அந்தப் பொண்ணு வேலை போவணுமா?"

"அதை அம்புட்டு தூரத்துல இருந்து நானா கூட்டிக்கினு வந்தேன்?"

சுவேதா நிதானமாகச் சொன்னாள். "எங்கிட்டயும் வயித்து வலின்னுதான் சொன்ன. நானும் ஓமத்தண்ணி குடுத்துப் படுக்க வெச்சேன். அப்போ என்னை எங்கயிருந்து தூக்கப் போறீங்க?"

நாராயணம்மா வாசற்படியில் இருந்து, "ஊர் வாயில விழாத சாமி. கையெழுத்துதான, போட்டுட்டு வந்துடு" என்றாள். நான்கு நாள் அவன் தூங்கவில்லை. அம்மா சொல்வது சுலபம், பொண்டாட்டி சொல்வது சரி. இரண்டும் ஒரே வழியில் இல்லை.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அலுவலகக் கட்டடத்தின் மேல்மாடி அறையில் விசாரணை. கேட்டில் இருந்து அங்கே நடப்பதற்குள் விமல்ராஜ் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினான். படி ஏறும்போது இடது கால் தானாக அகன்று அகன்று வைத்தது. மேசைக்கு அந்தப் பக்கம் பணியாளர் அதிகாரி கமலக்கண்ணன். பக்கத்தில் எல்லப்பன். பெண் பணியாளர்கள் சார்பில் கேன்டீனில் வேலை செய்யும் ஜோதியம்மாள். சுவர் ஓரமாக, எல்லோரையும் விட்டுத் தள்ளிப் போட்ட நாற்காலியில் முத்துமணி. மடியில் வைத்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கமலக்கண்ணன் முதலுதவி அறைப் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். ஏழு நாற்பது, விமல்ராஜ், வயிற்று வலி, மாத்திரை ஒன்று, ஓய்வு அரை மணி. அவளுடைய உருண்டை எழுத்து.

"நீங்க என்ன பாத்தீங்க சிஸ்டர்?" என்று கேட்டார்.

"வலப்பக்கம் அமுக்கிப் பாத்தேன் சார். அப்பெண்டிக்ஸா இருந்தா அங்க வலிக்கும். வலிக்கலன்னு சொன்னாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

வேறு ஒன்றும் சொல்லவில்லை அவள். வண்டி சொல்கிறேன் என்று கேட்டதைக்கூடச் சொல்லவில்லை. கமலக்கண்ணன் தட்டச்சு செய்த ஒரு தாளை விமல்ராஜ் பக்கம் நகர்த்தினார். அப்பெண்டிக்ஸ் வலியுடன் சென்ற என்னைச் சரியாகக் கவனிக்காமல், என்று தொடங்கியது. கீழே கையெழுத்துக்குக் கோடு. பேனாவையும் மூடி கழற்றிக் கொடுத்தார்.

விமல்ராஜ் பேனாவை வாங்கிக்கொண்டான். அவள் தன் வலப்பக்கத்தை அமுக்கியது, "இங்க வலிக்கா, இங்க வலிக்கா" என்று கேட்டது, தான் இல்லை இல்லை என்று தலையாட்டியது எல்லாம் நினைவுக்கு வந்தது. இவள் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். இல்லாத நோயைக் கண்டுபிடிக்கவில்லை என்றுதான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பேனாவை மேசையில் வைத்தான்.

"எனக்கு அப்பெண்டிஸ் இல்ல சார்" என்றான்.

எல்லப்பன் நிமிர்ந்தான். "டேய், இன்னா சொல்ற?"

"வயித்துல ஆபரேஷனே பண்ணல. நான் சிஸ்டர்கிட்ட பொய் சொன்னேன். வலிச்சது கீழ." நிறுத்தினான். ஜோதியம்மாளுக்கு அவன் அம்மா வயது. டாக்டர் சொன்ன இங்கிலீஷ் சொல் வாயில் வரவில்லை, வசவுச் சொல்லையும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இருந்த தமிழைத்தான் எடுத்தான். "விதையில சார். இடது விதை முறுக்கிக்கிச்சு. நேரத்துக்குப் போயிருந்தா காப்பாத்தியிருக்கலாம்னாங்க. சொல்லக் கூச்சப்பட்டுக்கினு பதினோரு மணி நேரம் வெச்சிருந்தேன். அதை எடுத்துட்டாங்க. சிஸ்டர் வண்டி கூப்புடறேன்னு கேட்டாங்க, நான்தான் வேணாம்னேன். இதுல அவங்க மேல ஒண்ணும் இல்ல."

ஜோதியம்மாள் புடவைத் தலைப்பை இழுத்து வாய்மேல் வைத்துக்கொண்டாள். கமலக்கண்ணன் தட்டச்சுத் தாளைத் தன் பக்கம் இழுத்து இரண்டாக மடித்தார். "உக்காருங்க விமல்ராஜ், நிக்காதீங்க" என்றார். அப்போதுதான் தான் எழுந்து நின்றுகொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது.

வெளியே வந்ததும் எல்லப்பன் அவன் தோளைப் பிடித்தான். "அன்னிக்கு நான் வூட்டுக்கு வந்தப்பவே சொல்லியிருந்தா ஆவாதா? இப்போ டாக்டர் வேணும்னு கேட்டதும் சேர்ந்து போச்சு" என்றான். கோபம் இருந்தது, ஆனால் பிடித்த கையை எடுக்கவில்லை. "வலி இன்னும் கீதா?" என்று கேட்டான். விமல்ராஜ் ஆமாம் என்று தலையாட்டினான். எல்லப்பன் அவன் இறங்குவதற்காகக் காத்து நின்று ஒவ்வொரு படியாகக் கூட இறங்கி, கீழே விட்டுவிட்டு லைனுக்குப் போனான். மதியச் சாப்பாட்டுக்குள் விஷயம் கம்பெனி முழுக்கப் போய்விடும். பேரும் வைப்பார்கள். ஆனாலும் நான்கு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிவிட்டதுபோல இருந்தது. நல்லவனாகிவிட்டோம் என்று ஒரு சின்னப் பெருமைகூட வந்தது. பாவம், அதைக் கொஞ்ச நேரம் அனுபவித்தான்.

கேட்டுக்குப் போகும் வழியில் வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது முத்துமணி வந்தாள். பெஞ்சின் அடுத்த முனையில் உட்கார்ந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து, "அதெல்லாம் ஒண்ணும் வேணாம் சிஸ்டர்" என்றான்.

"நான் நன்றி சொல்ல வரலண்ணே" என்றாள். முகம் வெளுத்திருந்தது. "அன்னைக்கு நீங்க உள்ள வரும்போதே காலை அகட்டி வச்சுத்தான் வந்தீங்க. படுக்கச் சொன்னப்போ ஒரு பக்கமா முழங்காலை மடக்கிக்கிட்டீங்க. எனக்குச் சந்தேகம் வந்துச்சு. இதைப் படிச்சிருக்கேன், பரிச்சையில எழுதியிருக்கேன். எத்தனை மணி நேரம்னு கூடத் தெரியும்."

விமல்ராஜ் அவளையே பார்த்தான்.

"ஆனா நான் கேக்கல" என்றாள். "அப்பெண்டிக்ஸ்னு பொறவு சொன்னாவ. அப்பாடான்னு இருந்துச்சு. நான் சந்தேகப்பட்டது இல்லன்னு ஆச்சு, இனி வேலை போனாப் போகுதுன்னு இருந்தேன். இன்னைக்கு நீங்க சொன்னப்பதான் அதேதான்னு தெரிஞ்சுச்சு."

அவனுக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு கேள்வி. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கு எட்டு மணிக்கே வண்டியில் ஏற்றியிருப்பார்கள். "ஏன் கேக்கல?" என்றான்.

"ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒருத்தர் தொடையிடுக்குல புண்ணுன்னு வந்தாரு. எதுவரைக்கும் பரவியிருக்குன்னு கேட்டேன். நர்ஸு அதைத்தான் கேக்கணும். அவரு போயி உங்க லைன்ல என்ன சொன்னாரோ. மறுநாள்ல இருந்து ஒவ்வொருத்தரா வந்தாவ. சிஸ்டர் எனக்குக் கீழ வலிக்கு, சிஸ்டர் எனக்கும் பாருங்கன்னு. வாசல்ல நாலு பேரு நின்னு சிரிப்பாவ. ரெண்டு வாரம். ஹாஸ்டலுக்குப் போயி அழுவேன்."

விமல்ராஜுக்கு அந்த இரண்டு வாரமும் நன்றாக நினைவிருந்தது. அவன் உள்ளே போனதில்லை. வாசலில் நின்றிருக்கிறான். பஸ்ஸில் அந்தக் கதையை வேறு ஷிப்டுக்காரர்களுக்கு நடித்துக் காட்டி, அவள் ஊர்ப்பேச்சைப் போலவே பேசி, எல்லோரையும் சிரிக்க வைத்தவன் அவன்தான். அவள் இதெல்லாம் தெரிந்துதான் பேசுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. கோபம் போன இடம் தெரியவில்லை. இடது பக்கத்தில், ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில், பிழிகிற வலி வந்தது. அது தணியும்வரை பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் இருந்தாள்.

"நீங்க கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன் சிஸ்டர்" என்றான் கடைசியில். "வயித்து வலின்னுதான் மறுபடியும் சொல்லியிருப்பேன். சொல்லிட்டு லைனுக்குப் போயி, நீங்க என்கிட்ட இன்னா கேட்டீங்கன்னு எல்லாருக்கும் சொல்லியிருப்பேன்."

முத்துமணி தலையை அசைத்தாள்.

"தெரியும்ணே. அதனாலதான் கேக்கல."